நீலத்தைக் கழுவிய ஓவர்சியர்

ஓவர்சியர் முதன்முதலாக என் சுகாதார நிலையத்துக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. எனாமல் தட்டு ஒன்று இரவல் கேட்டு வந்திருந்தார். ஊசியும் கத்தரியும் போட்டுக் கொதிக்க வைக்கும் தட்டு அது. வெள்ளை உடம்பு, கறுப்பு விளிம்பு, ஒரு மூலையில் மட்டும் பூச்சு பெயர்ந்து இரும்பு தெரியும். சர்க்கார் சாமானை இரவல் கொடுத்தால் எனக்குத்தான் வம்பு. யாருக்கு வைத்தியம் என்று கேட்டேன். “காகிதத்துக்கு, சிஸ்டர். இரும்புத் தட்டுல வெச்சா என் மருந்து கெட்டுப் போவுது” என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மலையில் தனியாக இருந்து இருந்து மனிதருக்குப் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே தட்டை எடுத்துக் கொடுத்தேன். பூச்சு பெயர்ந்த மூலையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஓசித் தட்டில் குறை கண்டுபிடிக்கும் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் குடியாத்தத்துப் பக்கம். படிப்பு முடித்த கையோடு ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டு ஊர்களில் ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஓட்டு வீடு ஒன்றின் முன்னறைதான் சுகாதார நிலையம், பின்னறை எனக்கு. மின்சாரம் கிடையாது. பஸ் வந்தால் வந்தது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமைக்கொல்லை வரப்புகளில் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மேல் ஊர்களுக்குச் சாலை போட வந்தவர் ஓவர்சியர். குடும்பம் திருப்பத்தூரில். வாரக் கடைசியில் இறங்கிப் போய், வாரம் பிறந்ததும் துவைத்த சட்டைகளோடு ஏறி வருவார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, கண்ணாடி. எதைக் கேட்டாலும் அதற்கு விளக்கம் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சாலைப் படங்களுக்கு நகல் எடுப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. கீழே போனால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் மலை இறங்குவது? அவரே தயாரித்துக்கொள்வார். இரண்டு உப்புகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, தன் வேலைக் கொட்டகையின் இருட்டு மூலையில் இரண்டையும் கலந்து, காகிதத்தில் பூசி உலர்த்தி, தகரப் பெட்டிக்குள் மூடி வைப்பார். வேண்டும்போது அந்தக் காகிதத்தின் மேல் மெல்லிய தாளில் வரைந்த படத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவார். வெயில் பட்ட இடமெல்லாம் நிறம் மாறும். பிறகு தண்ணீரில் அலசினால் பட்ட இடம் நீலமாகவும் படாத இடம் வெள்ளையாகவும் நிற்கும். கொட்டகைக்கு வெளியே கட்டிய கயிற்றில் நீலக் காகிதங்கள் காற்றாடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் யார் வீட்டிலோ வண்ணான் துணி உலர்த்தியிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

அவரிடம் பெட்டி காமிரா ஒன்றும் இருந்தது. பிலிமைத் திருப்பத்தூரில் கொடுத்துக் கழுவிக்கொண்டு வருவார். ஆனால் படம் போட ஸ்டூடியோவுக்குக் கொடுக்க மாட்டார். தன் நீலக் காகிதத்தின் மேல் பிலிமை வைத்து வெயிலில் அவரே போட்டுவிடுவார். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னப் படங்கள். எல்லாரும் நீலம். சாலை மேஸ்திரி நீலம், மாடு நீலம், சுகாதார நிலையத்து வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கும் நானும் நீலம். “ஸ்டூடியோ படம் பத்து வருஷத்துல மஞ்சளிச்சிப் போவும். இது நம்ம பேரன் காலத்துலயும் இப்பிடியே இருக்கும்” என்பார். பேரன் என்னைப் பார்த்து அம்மை போட்ட முகம் என்று சொல்லாமல் இருந்தால் சரி என்பேன். கோபித்துக்கொள்வார். அந்த நீலத்தின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

ஒரு பொங்கலுக்குச் சாலையில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு படம் போட்டுக் கொடுத்தார். தங்கள் முகத்தைக் காகிதத்தில் அதுவரை பார்க்காதவர்கள் பலர். இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டு, மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அவர் அந்த வாரம் முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தார். நான்தான் வீடு வீடாகப் போகிறவள் ஆயிற்றே. எந்தச் சுவரிலும் படத்தைக் காணோம். ஒருவர் வீட்டில் இல்லை என்றால் சரி, எல்லார் வீட்டிலும் இல்லை. கடைசியில் மேஸ்திரி வீட்டில் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும்போது கேட்டே விட்டேன். மேஸ்திரியின் மனைவி சாமைக் குதிருக்குப் பின்னால் கைவிட்டு, துணியில் சுற்றிய படத்தை எடுத்துக் காட்டினாள். முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி செருகி வைத்திருந்தாள்.

“இன்னா பண்றது நர்சம்மா. உசுரோட இருக்கற மனுசன நீலமா வெக்கலாமா வூட்ல? பாம்பு கடிச்சவங்கதான் அப்பிடி இருப்பாங்க. சாரு ஆசயா குட்த்தாரு, வேணான்னு சொன்னா மனசு நோவும்” என்றாள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் யோசனை. பிறகு சொல்லிவிட்டேன். மனிதர் அப்படியே சுருங்கிப் போனார். அப்புறம் வழக்கம்போல வாதத்துக்கு வந்தார். கிருஷ்ணர் நீலம், சிவனுக்குக் கழுத்து நீலம், அதையெல்லாம் கும்பிடவில்லையா என்று மறுநாள் வேலை நடக்கும் இடத்திலேயே கேட்டாராம். மேஸ்திரி பணிவாக, “சாமி எந்தக் கலர்லயும் இருக்கலாம் சார். அதுக்குச் சாவு இல்ல. நமக்கு அப்பிடியா?” என்றிருக்கிறார். அதன் பிறகு யாருக்கும் படம் போட்டுக் கொடுக்கவில்லை.

ஆனால் அலுவலகத்துக்காகப் படம் எடுப்பதை நிறுத்த முடியாது. கால்வாய் குறுக்கே வரும் இடங்களில் சாலைக்கு அடியில் தண்ணீர் போகச் சிறுபாலம் கட்டுவார்கள், மோரி என்பார்கள் அந்தப் பக்கத்தில். கட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். சுவரின் உயரம் படத்தில் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது வழக்கம். அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாரும் ஜல்லி கொட்டிக்கொண்டிருக்க, சும்மா இருந்தது சின்னது மட்டும்தான். ஜல்லி உடைக்க வரும் பெண் ஒருத்தியின் மகள். ஆறு ஏழு வயது. அவளுக்கு மேல் ஒரு அண்ணன் உண்டு, அவன் பெரியவன், இவள் சின்னது. ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் அம்மாவை எல்லாரும் சின்னதோட அம்மா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஓவர்சியர் சின்னதைச் சுவரோரம் நிறுத்தி ஆடாமல் நிற்கச் சொன்னார். எதிர்வெயில். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அந்த மோரியே தான் கட்டியதுபோல நின்றாள். படம் வந்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். சுவரில் பெயிண்டால் எழுதிய எண்ணை அவள் பாவாடை மறைத்துவிட்டது. அலுவலகத்துக்கு உதவாது. வேறு ஆளை நிறுத்தி வேறு படம் எடுத்து அனுப்பினார். சின்னது நின்ற படத்தில் அவர் போட்டது அந்த ஒரு பிரதிதான், அதுவும் அவர் தகரப் பெட்டியிலேயே கிடந்தது.

முதல் மழை பெய்த வாரத்தில் சின்னதைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. பாயில் தூங்கும்போது கடித்திருக்கிறது. கடித்ததே தெரியவில்லை. வயிற்று வலி என்று அழுதாள் என்றார்கள். விடிந்தபிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது இமை தொங்கிவிட்டது, மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்கான மருந்து மலையில் கிடையாது. கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாதி மலை இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன் விஷம் மூச்சைத்தான் நிறுத்தும், மூச்சு நின்றால் உதடும் நகமும் முகமும் நீலம் பாயும். புத்தகத்தில் படித்திருந்தேன். அவள் அம்மா அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அன்று நான் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் அந்தப் பாதையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடியதில்லை.

அறுவடை முடிந்து மறுபடி சாலை வேலை தொடங்கியபோது சின்னதோட அம்மா வேலைக்கு வந்தாள். சில நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். “சார், அன்னிக்கி எங்க சின்னத்த மோரிகிட்ட நிக்க வெச்சிப் புட்ச்சீங்களே, அது இருக்குதா?” என்றாள். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்குப் பொய் வராது. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தாள். முந்தானையை எடுத்துப் படத்தின் மேல் போர்த்தினாள். போர்த்தியபடியே அவரிடம் நீட்டினாள்.

“இதே கலருதான் சார் அன்னிக்கி. மடியில வெச்சிருந்தனே. என்னால பாக்க முடியல. ஆனா அதும் மூஞ்சி எனக்கு மறந்து போவுது சார். கண்ண மூடுனா அந்த நீலந்தான் வருது, அதுக்கு முன்னாடி இருந்தது வரமாட்டேன்னுது. வேற கலரா ஆவாதா இது?”

ஆகும் என்று உடனே சொல்லிவிட்டார். எப்படி ஆகும் என்று அப்போது அவருக்கே தெரியாது. பிலிமிலிருந்து புதுப்படம் போடலாம் என்று தேடினார். மழைக்காலத்தில் பிலிம்கள் எல்லாம் பூஞ்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகக் கிடந்தன. பிரித்தால் தோலுரிந்து வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி ஸ்டூடியோவுக்குப் போனார். அவர்கள் அதைப் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்த பிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதானாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு தூவியதுபோல இருந்தது. அந்த நகலைச் சின்னதோட அம்மாவிடம் காட்டவில்லை. எனக்கு மட்டும் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அந்தப் படத்திலேயே நீலத்தைக் கழுவிவிட்டு அந்த இடத்தில் வேறு நிறம் ஏற்ற வேண்டும். அவர் எப்போதோ ஒரு புகைப்படப் பத்திரிகையில் படித்திருந்தார். சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதில் போட்டால் நீலம் வெளுத்துவிடும். நீலம் போனாலும் அதற்குள் இருந்த இரும்பு காகிதத்திலேயே தங்கிவிடும். துவர்ப்புள்ள சாறு எதிலாவது ஊறப் போட்டால் அந்த இரும்பு கறுத்துக்கொண்டு மேலே வரும். பத்திரிகையில் தேயிலை என்று போட்டிருந்ததாம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன பழைய நகல்களை வெட்டி வெட்டிப் பரீட்சை பண்ணினார். எங்கள் ஊர்க் கடையின் தூள் தேயிலையில் போட்டால் படம் சேறு படிந்ததுபோல வந்தது, வெள்ளை இருக்க வேண்டிய இடமும் டீக்கறையாகிவிட்டது. என் எனாமல் தட்டின் பூச்சு பெயர்ந்த மூலை பட்ட இடத்தில் கறுப்புப் பொட்டு விழுந்தது. என்னவோ நானே உடைத்துக் கொடுத்ததுபோல என்னை முறைத்தார்.

துவர்ப்புக்கு மலையில் என்ன பஞ்சம்? சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கடுக்காய் லாரிக்குக் காத்துக் கிடக்கும். வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு. அதை வாங்க வரும் பாய் ஒருநாள் நிழலுக்காகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது ஓவர்சியர் கடுக்காயைப் பற்றி விசாரித்தார். “கடுக்காத் தண்ணிகிட்ட இரும்ப மட்டும் கொண்டாரக் கூடாதுங்க. ஒரு ஆணி வுழுந்தாப் போதும், தோலு பூரா கறுப்பு புடிச்சிக்கும். எங்களுக்கு அதான் பெரிய பேஜாரு” என்றார் பாய். ஓவர்சியர் உடனே, அது தனக்கும் தெரியும் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் ரசாயனம் சொன்னார். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, போகும்போது இரண்டு கை கடுக்காயைச் சும்மாவே அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

கடுக்காயை இடித்துக் கொதிக்க வைத்து வேட்டித் துணியில் வடிகட்டினார். வெளுத்த துண்டுக் காகிதத்தை அதில் போட்டதும் கோடுகள் மெல்லக் கருநிறத்தில் எழும்பி வந்தன. எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் கோடு வேறு, முகம் வேறு என்று அவர் சொன்னார். சாலைப் படத்தில் நீலம், வெள்ளை என்று இரண்டுதான் உண்டு. முகத்தில் கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவில் எத்தனையோ சாயல். சோடாவில் கொஞ்சம் அதிகம் நின்றால் இளம் சாயலெல்லாம் ஒரேயடியாகக் கரைந்துபோகும், அப்புறம் கடுக்காய் போட்டாலும் திரும்பாது. சீக்கிரமாக எடுத்துவிட்டால் நீலம் அடியில் தங்கிவிடும், அதைத்தான் அந்தப் பெண்ணால் பார்க்க முடியவில்லை. முகத்தை வைத்துத்தான் பழக வேண்டும். முதலில் போட்டது என் படத்தை. சோடாத் தண்ணீரில் நான் கரைந்து போனேன். கடுக்காயில் என் சேலைக் கரையும் கதவும் வந்தன, நான் வரவில்லை. “ஸாரி சிஸ்டர்” என்றார். ஊரில் என்னைத் தேடி வந்தால் கரைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

அடுத்து அவருடைய படம். அதுவும் பாதி போயிற்று. அதோடு கையிருப்பு முகங்கள் தீர்ந்தன. இதற்குள் விஷயம் சாலை வேலைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் காலையில் மேஸ்திரி வந்து மடியிலிருந்து துணிச்சுருளை எடுத்தார். பொங்கலுக்குக் கொடுத்த படம். “எங்கள வெச்சிப் பாருங்க சார் மொதல்ல. நாங்க போனா போறோம். நாங்க இங்கியேதான இருக்கறோம், இன்னொண்ணு புட்ச்சிக்கலாம். அது ஒண்ணுதான இருக்குது” என்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள். குதிருக்குப் பின்னால் இருந்ததும், கூரை இடுக்கில் செருகியதும், மூட்டைக்கு அடியில் கிடந்ததுமாக ஊரின் நீல முகங்கள் எல்லாம் அன்று வெளியே வந்தன. ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

ஒவ்வொரு முகமாகத் தட்டில் இறங்கியது. மேஸ்திரி மூக்கில்லாமல் வந்தார், அதை வைத்து அவரை ஊரே ஒரு மாதம் கேலி செய்தது. ஒரு கிழவருக்குத் தலைப்பாகை மட்டும் மிஞ்சியது. போகப் போகக் கை பழகிற்று. சோடா கொஞ்சமாக இருக்க வேண்டும், வெளுத்ததும் நல்ல தண்ணீரில் நிறைய அலச வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். அப்போது ஒன்று கவனித்தோம். சிவந்த நிறத்து ஆட்களின் முகம்தான் கரைந்து போனது. கறுத்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். காகிதத்தில் எங்கே நீலம் ஆழமாக இருக்கிறதோ அங்கேதானே இரும்பு அதிகம். நான் தொலைந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. சிவப்பாக இருக்கிறேன் என்று அதுவரை கொஞ்சம் கர்வம் உண்டு எனக்கு.

இப்போது என் பேத்தி போனில் ஒரு படத்தை எடுத்து, விரலால் இழுத்து நீலமாக்குகிறாள், பழுப்பாக்குகிறாள், பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிக்கொள்கிறாள். ஒரு படத்தின் நிறத்தை மாற்ற அந்தப் படத்தையே இழக்கத் துணிய வேண்டும் என்று சொன்னால் அவளுக்கு ஏறாது. அதற்காக அந்தக் காலம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, கடிபட்ட குழந்தையைக் கட்டிலில் வைத்து ஓட வேண்டியதில்லை. ஓவர்சியர் போட்ட ரோடுதான். அவர் மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்று, சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ரசாயனம் சொல்ல ஆள் கிடைத்திருக்குமா அங்கே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலை நேரம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

வேலை இல்லாத நாள் அது. என் நிலையத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம் பலகை போட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். பூச்சு பெயர்ந்த மூலைக்கு மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். சின்னதோட அம்மாவை மத்தியானம் வரச் சொல்லியிருந்தோம். நடுவில் வெளுக்கிற கட்டத்தை அவள் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் இரண்டு பேருடைய எண்ணம். ஆனால் நாங்கள் தொடங்குவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். தலை வாரி, துவைத்த சேலை உடுத்தி, பெண் பார்க்கும் வீட்டுக்கு வருவதுபோல வந்தாள். உள்ளே உட்கார் என்றேன். “நான் இங்கியே இருக்கறேன் நர்சம்மா. அன்னிக்கும் நாந்தான பக்கத்துல இருந்தேன்” என்றாள்.

ஓவர்சியர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். மொதல்ல மறைஞ்சி போவும், அப்புறம் வரும். வராமலும் போகலாம். இது ஒண்ணுதான் இருக்கு. இப்பவும் வேணாம்னா விட்டுடலாம், இப்பிடியே பெட்டியில இருக்கும். அவள் படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். “பெட்டியில இருந்து இன்னா சார்? பாக்கறதுக்குதான கேட்டேன். போடுங்க” என்றாள்.

படத்தைச் சோடாத் தண்ணீரில் இறக்கினார். முதலில் வானம் போயிற்று. பிறகு மோரியின் சுவர், அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சுவர், ஓரத்திலிருந்து கரைந்து மஞ்சளாகிவிட்டது. பாவாடை போயிற்று. கை, கால், தலைமுடி எல்லாம் வெளிற, கடைசியாக முகம் மட்டும் சற்று நேரம் தண்ணீருக்குள் தனியே நீலமாக நின்றது. சின்னதோட அம்மா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நீலமும் விலகியபோது அவளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது துக்கமா, நிம்மதியா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டில் இருந்தது வெறும் காகிதம். உற்றுப் பார்த்தால் எலுமிச்சைச் சாறு சிந்திக் காய்ந்ததுபோல லேசான கறை. ஓவர்சியர் நல்ல தண்ணீரில் அலசினார், தண்ணீரை மாற்றினார், மறுபடி அலசினார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கி வந்துவிட்டது. இரண்டு கையும் ஈரம் என்பதால் நான்தான் ஏற்றிவிட்டேன்.

கடுக்காய்த் தண்ணீரில் போட்டதும் எதுவும் நடக்கவில்லை. தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் நினைவுக்கு வந்த கோவில் எல்லாவற்றுக்கும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்புறம் நடுவில் ஒரு நிழல் தட்டியது. கறுத்துக்கொண்டே வந்து அது தலைமுடி ஆயிற்று. அதற்குக் கீழே நெற்றி, சுருக்கிய ஒரு கண், பிறகு திறந்திருந்த கண், மூக்கு, பிடிவாதமான வாய். மலைவெயிலில் வளர்ந்த கறுத்த பிள்ளை அவள். படத்தில் எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்திருந்தது அவள் முகம்தான், முழுதாகத் திரும்பி வந்ததும் அதுதான். கையும் காலும் வந்தன. பாவாடை அரைகுறையாக வந்தது. மோரிச் சுவர் வரவே இல்லை. அவள் கையை எதில் ஊன்றி நிற்கிறாள் என்று இனி யாருக்கும் தெரியாது. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் கடுக்காய் ஏறி லேசாகப் பழுத்து, எதிர்வெயில் அடிக்கிற இடத்தில் நிற்பதுபோலவே இருந்தது. நீலம் எங்கேயும் இல்லை. ஓவர்சியர் படத்தை எடுத்து அலசி, என் சுத்தத் துணியின் மேல் கிடத்தி, துணியோடு அவளிடம் நீட்டினார்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்துபோவாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அருகில் போய் நின்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெருவில் ஆடிவிட்டு வந்த பிள்ளைக்காகப் பக்கத்து வீட்டில் சண்டைக்குப் போகிற தாயின் குரலில் சொன்னாள்.

“இன்னா சார், எவ்ளோ நேரம் வெயில்ல நிக்க வெச்சீங்க இத்த? எப்பிடி கறுத்துப் பூடுச்சி பாருங்க.”

எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கொஞ்ச நேரந்தாம்மா” என்றார்.

“அதுக்கே இப்பிடி” என்றாள் அவள். முந்தானை நுனியால் படத்தின் நெற்றியில் நின்றிருந்த தண்ணீரை ஒற்றி எடுத்தாள்.